கொல்லைப்புறத்தில் நெருக்கடி

ஆடி பிறந்து, தென்மேற்குக் காற்றோடு இரண்டொரு தூறலும் விழுந்துவிட்டால், நகரத்தில் குடியிருப்பவர்களுக்குக்கூட மண்ணைக் கிளற வேண்டுமென்ற ஆசை வந்துவிடுகிறது. விதைக் கடைகளில் கூட்டம் சேருகிறது. எந்தக் கத்தரி நன்றாகக் காய்க்கும், எந்த வெண்டை நோய் தாங்கும், தக்காளியில் நாட்டு ரகம் வாங்கலாமா, வீரிய ஒட்டு ரகம் வாங்கலாமா என்று பலவிதமாக விசாரிக்கிறார்கள். விசாரிப்பது நல்லதுதான். ஆனால், ரகத்தைப் பற்றி இத்தனை சிரத்தையோடு கேட்டுத் தெரிந்துகொண்ட கிருஹஸ்தர், விதையை வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்றுவிட்டு நடுகிறபோது, செடிக்குச் செடி எவ்வளவு இடம் விடவேண்டும் என்ற விஷயத்தை மட்டும் கைப்போக்குக்கு விட்டுவிடுகிறார் என்பதும், முளைத்த நாற்றில் ஒன்றைக்கூடப் பிடுங்கி எறிய மனம் வராமல் அத்தனையையும் ஒரே பாத்தியில் நட்டு வைக்கிறார் என்பதும், பல வீட்டுத் தோட்டங்களைப் பார்த்ததன் பயனாக எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம். மூன்று மாதம் கழித்துச் செடிகள் நெடுநெடுவென்று வளர்ந்து, பூ உதிர்ந்து, சுண்டுவிரல் அளவில் நாலு காயைக் காட்டி நிற்கும்போது, குற்றம் ரகத்தின் தலையில் விழுகிறது. அடுத்த ஆடியில் அவர் வேறு ரகம் தேடிப் போகிறார்.

ரகம் எது என்பதையும் இடைவெளி எவ்வளவு என்பதையும் தனித்தனியே கேட்டால் இரண்டுக்கும் சரியான விடை கிடைக்காது என்பதே நான் சொல்ல வந்தது. ஒரு ரகத்தின் குணம் அதற்குக் கொடுத்த இடத்தில்தான் வெளிப்படும். ஓர் இடைவெளி சரியா தவறா என்பதும் அதில் நிற்கும் ரகத்தைப் பொறுத்தே தீரும்.

நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு நரியோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட என்று நம் குடியானவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். பயிர்களுக்கிடையே விடவேண்டிய தூரத்தை முழத்தாலும் அங்குலத்தாலும் குறிக்காமல், நடுவே எது ஓட வழி வேண்டுமோ அதைக்கொண்டு குறித்திருக்கும் சாமர்த்தியம் வியக்கத்தக்கது. அளவுகோல் கையில் இல்லாதவனும் மறக்கமுடியாத அளவு அது. ஆனால் அந்த வாக்கில் கத்தரிக்கும் வெண்டைக்கும் இடமில்லை. அதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. பழைய வீட்டின் கொல்லையில், பாத்திரம் தேய்க்கும் ஜலம் ஓடும் வழியில் இரண்டு கத்தரி, கிணற்றடியில் நாலு மிளகாய், மாட்டுக்கொட்டகையின் கூரைமேல் ஓர் அவரை அல்லது சுரை, வேலியோரத்தில் ஒரு முருங்கை என்று செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியே நின்றன. அவற்றுக்குள் நெருக்கம் என்ற பிரச்சினை எழவில்லை. இப்போது கொல்லை என்பது வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே பத்தடி நீளமும் நாலடி அகலமுமாகச் சுருங்கிவிட்டது. சிதறி நின்ற செடிகளையெல்லாம் அந்த ஒரு பாத்திக்குள் கொண்டுவரப் பார்க்கிறோம். ஆகவே இடைவெளியைப் பற்றிய கேள்வி வீட்டுத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த கேள்வி. அதற்குப் பழமொழி உதவாது.

புத்தகங்கள் உதவுமா என்றால், பாதி உதவும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகள் கத்தரிக்கு 60-க்கு 60 சென்டிமீட்டர் என்றும், அதன் வீரிய ஒட்டு ரகங்களுக்கு 90-க்கு 60 என்றும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் 60-க்கு 45 என்றும், வெண்டைக்கு 45-க்கு 30 என்றும், கொத்தவரைக்கு 45-க்கு 15 என்றும், பந்தலில் ஏறும் புடலைக்குக் குழிக்குக் குழி இரண்டு இரண்டரை மீட்டர் என்றும் கணக்குச் சொல்கின்றன. இவை பரீட்சை செய்து கண்ட கணக்குகள். அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. ஆயினும் இவை ஹெக்டேர் கணக்கில் பயிரிடும் விவசாயிக்காக ஏற்பட்டவை. அவன் வயலில் பார் பிடிக்க வேண்டும், பாருக்கு நடுவே தண்ணீர் பாய வேண்டும், களையெடுக்க ஆள் நுழைய வேண்டும், மருந்து தெளிப்பவன் நடக்க வேண்டும். வீட்டுப் பாத்தியிலோ ஓரத்தில் நின்றபடியே இரண்டு பக்கமும் கை எட்டுகிறது. தண்ணீர் பூவாளியில் வருகிறது. எனவே வரிசைக்கு வரிசை விடும் தூரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு நியாயமான உரிமை உண்டு. வரிசைகளை நேருக்கு நேர் நிறுத்தாமல், முன் வரிசையின் இரண்டு செடிகளுக்கு நடுவே பின் வரிசையின் ஒரு செடி வரும்படி முக்கோணமாக நட்டால், செடிக்குச் செடி உள்ள தூரத்தைக் குறைக்காமலே சதுர நடவைவிட நூற்றுக்குப் பதினைந்து செடி கூடுதலாகக் கொள்ளும் என்பது சாதாரண க்ஷேத்திர கணிதம். பாத்தி எவ்வளவு குறுகலோ அவ்வளவு அந்த லாபம் ஓரங்களில் தேய்ந்துபோகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. நான் சொன்ன பத்துக்கு நாலடிப் பாத்தியில், இரண்டடிக்கு இரண்டடி என்று வைத்தால் பத்துக் கத்தரிச் செடி நிற்கும். ஓரடிக்கு ஓரடி என்று வைத்தால் நாற்பது நிற்கும். நாற்பது செடி நாலு மடங்கு காய்க்கும் என்று எதிர்பார்ப்பது, பத்துப் பேருக்கு வடித்த சோற்றை நாற்பது இலையில் பரிமாறிவிட்டு எல்லோரும் வயிறார உண்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்குச் சமானம். 1953-ஆம் ஆண்டில் ஜப்பானில் கிராவும் அவருடைய சகாக்களும் பல நெருக்கங்களில் செடிகளை வளர்த்து நிறுத்துப் பார்த்து ஓர் உண்மையை வெளியிட்டார்கள்: செடிகளின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டியபிறகு, அந்த நிலப்பரப்பில் விளையும் தழை, தண்டு, வேர் எல்லாம் சேர்ந்த மொத்த எடை ஏறுவதில்லை, எத்தனை செடி நட்டாலும் மொத்தம் அதேதான், பங்கு மட்டுமே சிறுத்துக்கொண்டு போகிறது. பூமிக்கும் வெயிலுக்கும் உள்ள சக்தி அவ்வளவுதான் என்பதே இதன் தாத்பரியம்.

இந்தச் சிறிய தத்துவத்தைப் பிடித்துக்கொண்டால் வீட்டுத் தோட்டத்தின் சந்தேகங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கீரையில் நாம் உண்பது தழையையும் இளந்தண்டையும். அதாவது மொத்த எடையில் பெரும்பாகத்தை. பங்கு சிறுத்தாலும் மொத்தம் குறையாதபடியால், கீரையை அடர்த்தியாக விதைப்பதில் விதைச் செலவைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை. களை தலையெடுக்காமல் போவதும் தண்டு இளசாக இருப்பதும் லாபம் என்றே சொல்லலாம். கத்தரியின் கதை வேறு. நாம் உண்பது அதன் மொத்த எடையில் ஒரு பகுதியை; அந்தப் பகுதியும் செடி ஒரு குறிப்பிட்ட பருமனை அடைந்து, பக்கக் கிளை விட்டு, கிளைக்குக் கிளை பூத்தால்தான் உண்டாகிறது. நெருக்கத்தில் நின்ற கத்தரி வெளிச்சத்துக்காகப் பக்கத்துச் செடியோடு போட்டியிட்டு மேலே மேலே ஓடுகிறதே தவிரக் கிளைப்பதில்லை. உள்ளே காற்று ஓடாததால் ஈரம் தங்குகிறது. மாவுப்பூச்சியும் அசுவினியும் இலைக்கு இலை பாலம் போட்டுக்கொண்டு பரவுகின்றன. மொத்தம் அதேதான், ஆனால் அது முழுவதும் குச்சியும் இலையுமாகப் போய்விடுகிறது. கிழங்கும் வேரும் இவ்விரண்டுக்கும் நடுத்தரமானவை. இங்கிலாந்தில் வெல்ஸ்போர்ன் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் பிளீஸ்டேல் என்பவர் வெங்காயத்திலும் காரட்டிலும் செய்த பரீட்சைகளின் சாரம், நெருக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் நமக்கு வேண்டிய பருமனில் காயை வரவழைத்துக்கொள்ளலாம் என்பது. சாம்பாருக்குச் சிறு முள்ளங்கி போதுமென்று நினைக்கும் குடும்பமும், பெரியதாக ஒன்றைத் துருவ விரும்பும் குடும்பமும் ஒரே விதையை வாங்கி இடைவெளியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

இனி ரகங்களுக்கு வருவோம். ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஜனங்கள் காயின் நிறத்தையும் பருமனையும் கேட்கிறார்களே தவிர, செடியின் அமைப்பைக் கேட்பதில்லை. கத்தரியில் நம் நாட்டில் உள்ள வகைகளுக்குக் கணக்கில்லை. கோயம்புத்தூருக்கு அருகில் நெகமம் பக்கத்து வரிக்கத்தரியிலிருந்து பொறுக்கியெடுத்தது கோ 2. கள்ளம்பட்டி உள்ளூர்க் கத்தரியிலிருந்து வந்தது எம்.டி.யு. 1, கிள்ளிகுளத்துக் கே.கே.எம். 1 வெள்ளை வெளேரென்று முட்டை வடிவில் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது; பாலூர் 1 ஊதா நிறம். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. இவற்றையெல்லாம் ஒரே இடைவெளியில் நட்டு, எது அதிகம் காய்த்தது என்று பார்ப்பது பக்ஷபாதமான பரீட்சை. அகலமாகப் படரும் சுபாவமுள்ள செடி ஒன்றரை அடியில் தோற்றுப்போகும். நிமிர்ந்து வளரும் செடி அதே ஒன்றரை அடியில் ஜெயிக்கும். இரண்டரை அடி கொடுத்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கலாம். இப்படி இடைவெளி கொடுத்த வெற்றியை ரகத்தின் பெயரில் எழுதிவைத்து, அதையே அண்டை அயலாருக்கும் சிபாரிசு செய்கிறோம்.

வெண்டை இந்த விஷயத்தில் சாதுவான பயிர். பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து போவதால் ஒன்றரைக்கு ஓரடியில் அது சந்தோஷமாக இருக்கும். அதில் ரகம் முக்கியமாவது நோயினால். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய்க்கு எதிர்ப்புள்ளதென்று ஒரு காலத்தில் பூசா சாவனியைக் கொண்டாடினார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல அதன் எதிர்ப்பு தளர்ந்துபோய், காட்டு வெண்டையோடு கலந்து பெங்களூரில் உண்டாக்கிய அர்க்கா அனாமிகாவும், மராட்டிய நாட்டுப் பர்பானி கிராந்தியும் அந்த இடத்துக்கு வந்தன. ஒரு ரகத்தின் கீர்த்தி சாசுவதம் என்று எண்ணிவிடக் கூடாது. அப்பா காலத்தில் நன்றாகக் காய்த்தது என்பது இன்றைக்குச் சாட்சியாகாது.

தக்காளியில் செடியின் அமைப்பே எல்லாம். தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சியின் உள்ளூர்த் தக்காளியைக்கொண்டு பெரியகுளத்தில் உண்டாக்கிய பி.கே.எம். 1 நம் ஜனங்கள் நன்கு அறிந்தது. காம்போரம் பச்சையாயிருக்கும் அதன் காயைச் சந்தையில் பார்த்தவர்கள் அநேகர். குத்துக்குத்தாக நிற்கும் ரகம் கொஞ்ச காலத்துக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். கொடிபோல் நுனி வளர்ந்துகொண்டே போகும் ரகம் கொம்பு நட்டுக் கட்டிவிட்டால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். முன்னதற்குப் பக்கவாட்டில் இடம் வேண்டும். பின்னதற்கு ஆகாயத்தில் இடமிருந்தால் பூமியில் ஒன்றரை அடி போதும். சில வருஷங்களுக்கு முன் அர்க்கா ரக்ஷக் என்னும் ஒட்டு ரகம் ஒரே செடியில் 19 கிலோ வரை காய்த்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தபோது, பல பேர் அந்த விதையைத் தேடி அலைந்தார்கள். ஒரு செடி எவ்வளவு காய்த்தது என்ற கணக்கைப்போல் மனிதனை மயக்கும் கணக்கு வேறில்லை. அந்தச் செடிக்கு எத்தனை சதுர அடி கொடுத்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், கொம்பும் சொட்டுநீரும் உரமும் எவ்வளவு என்று கேட்டபிறகே 19 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஒரு சதுர அடிக்கு ஒரு மாதத்தில் எவ்வளவு என்று கேட்பதே வீட்டுத் தோட்டத்துக்குப் பொருந்தும் கேள்வி.

பந்தல் காய்களில் மற்றொரு விசேஷம். கோ 1 புடலை ஐந்தடிக்குமேல் தொங்கும். கோ 2 ஓரடியோடு நின்றுவிடும். தாழ்ந்த பந்தலும் சின்னக் குடும்பமும் உள்ள வீட்டில் ஐந்தடிப் புடலையை வளர்த்து, அது நேராக வரவேண்டுமென்று நுனியில் கல் கட்டி, பிறகு அறுத்து அண்டை வீடுகளுக்கெல்லாம் பங்கு போடுவது பெருமைக்கு உதவலாம்; சமையலுக்குச் சின்னப் புடலையே சௌகரியம். அவரையில் கொடி அவரை, செடி அவரை என்ற இரண்டையும் பிரித்தறியாமல் ஏமாறுபவர்கள் உண்டு. பழைய கொடி அவரை பகல் குறுகும் பருவத்தில்தான் பூக்கும். அதைத் தையில் விதைத்தவர் பந்தல் நிறைய இலையைப் பார்த்துக்கொண்டு அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னதில் அவரைக்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. பருவ வேறுபாடு பாராமல் பூக்கும் செடி அவரைக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை; இரண்டடிக்கு ஓரடியில் அடக்கமாக நின்று காய்க்கும்.

வீரிய ஒட்டு ரகமா, நாட்டு ரகமா என்ற விவாதம் நம்மிடையே வைஷ்ணவ சைவ வாதம்போல் வளர்ந்துவிட்டது. இரு தரப்பாரின் உற்சாகத்திலும் நான் சேரவில்லை. வியாபாரத்துக்குப் பயிரிடுகிறவனுக்குக் காய்கள் ஒரே அளவில், ஒரே சமயத்தில் வந்து குவிய வேண்டும். லாரி ஒரு நாள்தான் வரும். வீட்டுக்காரிக்கு அது தொந்தரவு. இருபது நாளில் முப்பது கிலோ தக்காளி வந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போவதைவிட, நாலு மாதத்துக்கு வாரம் ஒரு கிலோ வருவது, மொத்தத்தில் குறைவானாலும், அவளுக்கு உபகாரம். ஆகவே மகசூல் குறைந்தாலும் நீண்ட நாள் காய்க்கும் ரகத்தையே வீட்டுக்கு நான் விரும்புவேன். பெரும்பாலும் அப்படிப்பட்டவை உள்ளூர் ரகங்களாகவும் பொறுக்கு ரகங்களாகவும் இருக்கின்றன. அவற்றின் விதையை எடுத்து வைத்துக்கொண்டு மறுவருஷமும் விதைக்கலாம். ஒட்டு ரகத்தின் விதை தாயைப்போல் வராது. ஆனால் நாட்டு ரகம் என்ற பெயர் மட்டுமே நோயையும் பூச்சியையும் விரட்டிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இலைச் சுருட்டு நோயும் வாடல் நோயும் ஓயாமல் வரும் மண்ணில், அவற்றைத் தாங்கும் ஒட்டு ரகத்தை வாங்கி நடுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது உற்சாகத்தைக் கொஞ்சம் தணிக்கும், தணிவதும் நல்லதே. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2010-ஆம் ஆண்டின் பரிந்துரைகளில், வயது வந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்குக் கீரை, கிழங்கு உட்பட 300 கிராம் காய்கறி என்று சொல்லியிருக்கிறது. நாலு பேருக்கு 1,200 கிராம். நல்ல கத்தரி ரகங்கள் ஐந்து மாதத்தில் ஹெக்டேருக்கு 25 முதல் 35 டன் கொடுக்கும் என்பதை நம் பத்துக்கு நாலடிப் பாத்திக்குச் சுருக்கினால், பத்துச் செடியும் சேர்ந்து ஒன்பது முதல் பதின்மூன்று கிலோ. காய்ப்புக் காலத்தைப் பத்துப் பன்னிரண்டு வாரம் என்று கொண்டால், வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவைத் தவறாமல் வாங்கிவிட்டாலே அது நல்ல பாத்தி. அதே பாத்தியில் நாற்பது செடியை நெருக்கி நட்டுப் பேராசைப்பட்டவர், அந்த ஒரு கிலோவையும் இழக்கிறார். முழுத் தேவைக்கும் விளைவிக்க வேண்டுமானால் இரண்டரை சென்ட் நிலமாவது வேண்டும் என்று சொல்வதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அவ்வளவு இடம் இல்லாதவர் எல்லாக் காயையும் நட ஆசைப்படாமல், பறித்த அரை மணியில் சமைத்தால் ருசி மாறுகிற வெண்டை, கீரை, பிஞ்சு அவரை போன்றவற்றோடு நிற்பது விவேகம். பூசணியைக் கடையில் வாங்கலாம். அது ஒரு மாதம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

அமெரிக்காவில் மெல் பார்தலோமியோ என்ற பொறியாளர் 1981-இல் எழுதிய புத்தகத்திலிருந்து, ஒரு சதுர அடிக் கட்டத்துக்குள் செடிகளை எண்ணி வைக்கும் முறை ஒன்று பிரசித்தமாகி, இங்கேயும் மாடித்தோட்டக்காரர்களிடம் பரவியிருக்கிறது. கட்டத்துக்கு முள்ளங்கி 16, பீன்ஸ் 9 என்ற வகையில் அதில் வரும் கணக்குகள் சிறு பயிர்களுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் கத்தரிக்கும் அதே ஒரு கட்டம் என்றால், உறைபனிக்கு முன் சில மாதமே உயிரோடிருக்கும் அந்நாட்டுக் கத்தரிக்கு அது போதலாம். வருஷம் முழுதும் வெயில் காயும் நம் ஊரில், கவாத்து செய்துவிட்டால் மறுபடி தளிர்த்து இரண்டாம் தடவையும் காய்க்கிற கத்தரி ஏறக்குறையப் புதர். அதை ஓரடிக் கட்டத்தில் அடைப்பது அநியாயம்.

இடத்தை விட்டு வைத்தால் மண் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். நெருக்கி நடுவதற்கு மூலகாரணமே இந்த மனவேதனைதான் என்று நினைக்கிறேன். இதற்குப் பரிகாரம் உண்டு. இரண்டடியில் நட்ட கத்தரி நாற்று, அந்த இரண்டடியையும் பிடித்துக்கொள்ள ஏறக்குறைய இரண்டு மாதமாகிறது. அதுவரை நடுவிலுள்ள மண் வெயிலைச் சும்மா வாங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே முளைக்கீரையைத் தூவினால் 25 நாளில் பிடுங்கிச் சமைத்துவிடலாம். முள்ளங்கி போட்டால் 45 நாளில் எடுத்துவிடலாம். கத்தரி கிளை விரிக்கும்போது தரை காலியாகியிருக்கும். விதைத்து 20 நாளிலிருந்து மூன்று மாதத்துக்குப் பத்துத் தடவை வரை கிள்ளியெடுக்கலாம் என்று சொல்லப்படும் கோ 3 கீரையை மாத்திரம் இந்த இடைவெளியில் போடாமல், அதற்கென்று தனியாக நாலு சதுர அடி ஒதுக்குவது நல்லது. அது விட்டுக்கொடுத்துப் போகிற கீரை அல்ல. இடைவெளியை அடியால் மட்டும் அளக்காமல் நாளாலும் அளக்கத் தெரிந்தவருக்கு, நெருக்கமும் விசாலமும் ஒரே பாத்தியில் சாத்தியமாகின்றன.

சரி, எனக்கு எந்த ரகம், எவ்வளவு இடைவெளி என்று வாசகர் கேட்டால், உங்கள் பாத்தியைக் கேளுங்கள் என்பதே விடை. ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில், ஒரே கோதுமை ஒரே மாதிரி விளைந்திருந்த ஓர் ஏக்கரை 500 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறுத்து நிறுத்தார்கள். மெர்ஸரும் ஹாலும் 1911-இல் வெளியிட்ட அந்தக் கணக்கில், மிகக் குறைந்த துண்டுக்கும் மிக அதிகமான துண்டுக்கும் கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம். விதை ஒன்று, உழவு ஒன்று, மழை ஒன்று. மண்ணின் சிறு சிறு வேற்றுமையே அவ்வளவு செய்துவிட்டது. கிணற்றோரம் நட்ட ஒரு ரகம் மதிலோரம் நட்ட இன்னொன்றைவிட ஒன்றரை மடங்கு காய்த்தது என்பதைக்கொண்டு ரகத்தின் உயர்வு தாழ்வைத் தீர்மானிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பிற்பாடு அதே பண்ணைக்கு 1919-இல் வந்துசேர்ந்த பிஷர், ஒப்பிடவேண்டிய ரகங்களைத் திரும்பத் திரும்பப் பல இடங்களில், எது எங்கே என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்மானித்து நடவேண்டும் என்று விதி வகுத்துக் கொடுத்தார். நமக்கு அவருடைய கணிதம் வேண்டாம். சீட்டு மட்டும் போதும்.

இரண்டு ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் நட்டு, பாத்தியின் இந்த மூலையில் ஒன்றும் அந்த மூலையில் ஒன்றுமாக, ஒவ்வொரு ரகத்தையும் இரண்டு மூன்று இடத்தில் சீட்டு விழுந்தபடி வைக்க வேண்டும். இடைவெளியைப் பரீட்சிக்க நெல்டர் என்ற புள்ளியியல் அறிஞர் 1962-இல் எழுதிய ஒரு யுக்தியைச் சுருக்கிச் சொல்கிறேன்: செடிகளை விசிறிபோல், ஒரு பக்கம் நெருக்கமாகத் தொடங்கி மறுபக்கம் போகப்போக அகலும்படி நட்டுவிட்டால், சிறிய இடத்திலேயே பல இடைவெளிகள் கிடைத்துவிடுகின்றன. நம் பாத்தியில் ஒரு முனையில் ஓரடி, நடுவில் ஒன்றரை, மறுமுனையில் இரண்டரை என்று வைத்தால் போதும். பாத்தியின் விளிம்பில் நிற்கும் செடிக்கு வெளிச்சமும் வேருக்கு இடமும் கூடுதலாகக் கிடைப்பதால் அதன் சாட்சியம் நம்பத்தகாதது; அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். பறிக்கும் ஒவ்வொரு தடவையும் சமையலறைத் தராசில் வைத்துத் தேதியோடு நோட்டில் எழுதிவர வேண்டும். முதல் காய் என்றைக்கு, கடைசிக் காய் என்றைக்கு, புழு விழுந்து எறிந்தது எவ்வளவு என்ற மூன்றும் மொத்த எடையைவிட அதிகம் சொல்லும். ஒரு பட்டத்தோடு முடிவு கட்டாமல் மற்றொரு பட்டமும் பார்த்துவிட்டால் அந்த வீட்டுக்கு அது சாஸ்திரம்.

மாடியில் பைகளில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பையில் செடிக்குச் செடி தூரம் என்பதே இல்லை. வேருக்கு எவ்வளவு மண் என்பதுதான் இடைவெளி. ஒரு பைக்கு ஒரு கத்தரி, ஒரு தக்காளி. இரண்டாவது நாற்றைக் கூடவே வைத்தால் இரண்டும் கெடும். பைகளை ஒட்டி ஒட்டி வைத்து இலைகள் கலந்துபோக விட்டாலும் அதே நெருக்கடிதான்.

வீட்டுக்கு வீடு பரீட்சை செய்யச் சொல்லிவிட்டு, விதை விற்பவர்களும் வழங்குபவர்களும் சும்மா இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட விதிகள், விதைப் பொட்டலத்தின் சீட்டில் பயிரின் பெயரோடு ரகத்தின் பெயரையும் முளைப்புத் திறனையும் குறிக்கச் சொல்கின்றன. ஆயினும் சந்தையிலும் மளிகைக் கடையிலும் தொங்கும் சிறு பொட்டலங்களில், பளபளவென்று ஒரு கத்தரிக்காயின் படமும் கத்தரி என்ற பெயரும் மட்டுமே இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ரகம் தெரியாத விதையை ஒப்பிட முடியாது. நன்றாகக் காய்த்தால் மறுபடி வாங்கவும் முடியாது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளைகள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகின்றன. அவற்றில் வைக்கும் ஒவ்வொரு விதைப் பொட்டலத்தின் பின்புறத்திலும், ரகத்தின் பெயர், செடி நிமிர்வதா படர்வதா, பாத்தியில் எத்தனை அடி, பையில் எத்தனை செடி, முதல் பறிப்பு எத்தனையாவது நாள், காய்ப்பு எத்தனை வாரம் என்ற ஆறு விவரத்தைத் தமிழில், ஹெக்டேரை மறந்து, அடிக்கணக்கில் அச்சிட்டுவிட்டால் போதும். விதையின் எடையைக் கொஞ்சம் குறைத்தாலும் பாதகமில்லை. பத்துச் செடிக்கு இடமுள்ளவரிடம் இருநூறு விதையைக் கொடுப்பதும் நெருக்கி நடச் சொல்லி உபதேசம் செய்வதும் ஏறக்குறைய ஒன்றே. பொட்டலத்துக்கு முப்பது விதை வைத்து, மிச்சமாகும் பணத்தில் அந்த ஆறு வரியை அச்சடிக்கலாம்.